ஞானசீலன் பறவை பார்க்கப் போனது

தாராவியில் ஞானசீலனுக்குக் கண் எப்படி, காது எப்படி என்று யாரும் விசாரித்ததில்லை. அவருக்கு நாக்கு இருக்கிறது, அது போதும் என்று விட்டுவிட்டார்கள். நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை அவருடையது. அண்டாவும் குண்டாவும் சருவமும் ஆள் உயரக் கரண்டிகளும் அங்கே கவிழ்ந்தும் சாய்ந்தும் கிடக்கும். பாத்திரத்தை டெம்போவில் கொண்டுபோய் இறக்கினால் அவர் வேலை முடிந்தது. ஆனால் எந்தச் சமையல்காரரும் அவரை அப்படிச் சும்மா திருப்பி அனுப்பியதில்லை. "அண்ணாச்சி, ஒரு வாய் பாத்துட்டுப் போங்க" என்று கரண்டியை நீட்டிவிடுவார்கள். அவர் உள்ளங்கையில் இரண்டு சொட்டு வாங்கி, நாக்கில் வைத்து, கண்ணை மூடுவார். அடுப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

அவர் தீர்ப்பில் முகதாட்சண்யம் கிடையாது. ஒரு கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவர் பந்தி முடிந்த சந்தோஷத்தில் கண் கலங்கி, கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பாடு எப்படி?" என்று கேட்டார். மனுஷன் என்ன கேட்கிறார், என்ன பதில் எதிர்பார்க்கிறார் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஞானசீலன், "கொழம்ப ஒரு கொதி முந்தி எறக்கிட்டாவ" என்றார். அந்த மனிதர் அதன்பிறகு பேத்தியின் ஞானஸ்நானம் வரைக்கும் ஞானசீலனோடு பேசவில்லை. ஞானஸ்நானத்துக்குப் பேசவேண்டி வந்ததும் பிரியாணிக்கு உப்புப் பார்க்கத்தான்.

கோயில் திருவிழா அசனத்துக்கு, ஊரே உட்கார்ந்து சாப்பிடும் அந்தப் பெரிய பந்திக்கு, ஃபாதர் ஜெபம் சொல்வதற்கு முன்னால் ஞானசீலன் தலையசைக்க வேண்டும். அவர் பேச்சும் அப்படியே. ஃபாதரின் பிரசங்கத்தில் "கொஞ்சம் தண்ணி கூட" என்பார். இந்த வருஷத்து மழை "காரம் பத்தல" என்பார். நல்ல மனிதர் என்று சொல்ல நினைத்தால் "நல்ல பதம்" என்பார்.

இப்படிப்பட்டவருக்குப் பறவைகளையும் தெரியும். நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு பெரிய குளத்துக் கரையில் பிறந்து, மீசை முளைக்கிற வயதுவரை அங்கேதான் இருந்தார். வீட்டில் ஆட்டுக்கறி கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும். மற்ற நாளெல்லாம் குளம் என்ன கொடுத்ததோ அது. அதனால் பம்பாய்க்கு வந்து இத்தனை காலம் கழிந்தும், அவர் மண்டைக்குள் பறவைகள் எல்லாம் சட்டியில்தான் இருந்தன. உண்ணிக்கொக்கு என்றால் நார். மடையான் என்றால் எலும்பு. நீர்க்காகம் என்றால் மீன் நாற்றம், மூன்று தண்ணீர் கழுவினாலும் போகாது. உள்ளான் என்றால் மிளகு. கானாங்கோழி என்று யாராவது சொன்னால் மட்டும் அவர் ஒன்றும் சொல்லமாட்டார், கண்ணை மூடிக்கொள்வார். தாராவியில் இதைத் தப்பென்று யாரும் சொல்லவில்லை. பாதிப் பேர் அதே மாதிரிக் குளங்களிலிருந்து வந்தவர்கள்.

தப்பாகிப் போனது மகள் ஜாக்குலினால்தான். செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. கூட வேலை செய்யும் சிநேகிதி இழுத்துக்கொண்டு போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை பறவை பார்க்கிற கூட்டத்தில் விட்டாள். ஜாக்குலின் பறவையைப் பார்த்தாள். பறவை பார்த்துக்கொண்டிருந்த சாஜனையும் பார்த்தாள். கடற்கழிக்கு அந்தப் பக்கத்து நெருள்காரன், கம்ப்யூட்டர் வேலை, நம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், குனிந்த தலை நிமிராத பையன். இரண்டு வருஷம் இருவரும் தூரநோக்கியைத் தவிர வேறெதற்கும் சண்டை போடவில்லை. வீட்டில் சொன்னபோது ஞானசீலனுக்கும் அவர் மனைவி சேசம்மாளுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

சிக்கல் சாஜனின் அம்மா சுஷ்மா. செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பயாலஜி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பறவைக் கூட்டத்தை நடத்துவதே அவர்தான். கணவர் கப்பலில் இருப்பதால் வீட்டில் எல்லா முடிவும் டீச்சருடையது. பெண் பார்க்கக் கேசரி, பஜ்ஜி தின்றுவிட்டுப் போவதில் அவருக்கு நம்பிக்கையில்லை. "மழைக்காலத்துல சதுப்புல ஒரு காலை நேரம் ஒண்ணா நின்னா போதும், யார் எப்படின்னு தெரிஞ்சிரும்" என்று சொல்லி, இரண்டு வீட்டாரும் ஞாயிற்றுக்கிழமை நெருளில் பறவை பார்க்கலாம் என்று அழைப்பு அனுப்பினார். இதற்கு முன் சாஜனுக்கு வந்த இரண்டு சம்பந்தமும் அந்தச் சதுப்பில்தான் முடிந்தன. ஒரு பெண்ணின் மாமா நாரைக்குச் சிப்ஸ் வீசினார். இன்னொரு பெண்ணின் அப்பா, "எனக்குப் பறவைகள்னா உயிர்" என்று சொல்லிக்கொண்டே போனில் பங்குச்சந்தை பார்த்தார்.

ஜாக்குலினுக்குத் தூக்கம் போயிற்று. கடைசியில் அப்பாவை உட்காரவைத்துச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, ப்ளீஸ். ருசியைப் பத்தி அங்க ஒரு வார்த்தை வரக்கூடாது. ஏக்தம், சுத்தமா கூடாது. மூணே மூணு பேச்சுதான். 'அழகா இருக்கு', 'எங்க', 'அப்படியா'. பஸ், அவ்வளவுதான்."

"நாள் பூரா மூணு பேச்சா? கிளிகூட அதுக்கு மேல பேசும் மக்கா."

"கிளியைப் பத்தியும் பேசாதீங்க."

ஒத்திகை நடந்தது. அவள் போனில் படத்தைக் காட்டினாள். மடையான் வந்தது. "அழகா இருக்கு" என்றார். நீர்க்காகம் வந்தது. மூக்கைச் சுளித்துக்கொண்டு "அழகா இருக்கு" என்றார். மூக்கைச் சரிசெய்யச் சொல்லி இன்னொரு முறை சொல்லவைத்தாள். அடுத்துக் கானாங்கோழி வந்தது. ஞானசீலன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பா! தொண்டை!"

"எச்சி முழுங்குனது ஒரு குத்தமா?"

"அவங்க டீச்சர்பா. பின்பெஞ்சுல மிட்டாய் திங்கிறவனைக் கண்டுபிடிச்சவங்க."

சேசம்மாள் அடுப்படியிலிருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஞானசீலனும் சிரித்தார். ஆனால் மறுநாள் டெம்போவில் அண்டா ஏற்றும்போது அவருக்கு அந்தச் சிரிப்பு இல்லை. ஊரே மதிக்கிற நாக்கு பெற்ற மகளுக்கு வெட்கமாகப் போய்விட்டதே என்று மனசு வலித்தது. மனைவியிடம் சொல்லவும் செய்தார்.

"அவ ஆசப்பட்டுட்டா" என்றாள் சேசம்மாள். "ஒருநா வாய மூடிட்டு இருந்தா என்ன, தேஞ்சா போவீய?"

தேயமாட்டார்தான். இருந்தாலும் பயமாக இருந்தது. அவர் நாக்கு எப்போதும் அவரைக் கேட்டுக்கொண்டு புறப்பட்டதில்லை. ஒரு வார்த்தை வழுக்கினால் மகள் வாழ்க்கை சேற்றில் விழும். இந்த ஒரு பயத்தோடுதான் அவர் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தார்.

சேசம்மாளுக்கு வேறு கவலைகள். பூசையை விட்டுவிட்டுக் கொக்கு பார்க்கப் போவதா என்று கேட்டாள். சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போய் அதைத் தீர்த்தார்கள். உடை அடுத்தது. பளிச்சென்ற நிறம் கூடாது, பூ கூடாது, சென்ட் கூடாது என்று டீச்சரின் உத்தரவு. சேசம்மாளிடம் இருந்த நல்ல சேலையெல்லாம் கிளிப்பச்சை, ராணி பிங்க், மாம்பழ மஞ்சள். பீரோவை முழுக்கக் கலைத்து, யாரோ சீர் வைத்துக் கொடுத்த ஒரு மண் நிறச் சேலையைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டாள். "சம்பந்தம் பேசப் போற மாதிரியா இருக்கு? துட்டி கேக்க எழவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு" என்று வழியெல்லாம் சொன்னாள்.

சூனாபட்டி ஸ்டேஷனில் பன்வேல் ரயில் ஏறினார்கள். மழை சாய்ந்து அடித்ததில் ஜன்னலோரம் உட்கார ஆளில்லை. கோவண்டி தாண்டியதும் சேசம்மாள் பையைத் திறந்து, பசிக்குதா என்று கேட்டாள். ஜாக்குலின் எட்டிப் பார்த்தவள் அலறாத குறை.

"அம்மா! முட்டை!"

"அவிச்சதுதான்ட்டி. பறவைக்குத்தானே ஒண்ணும் போடக்கூடாது? மனுசருக்குப் போடலாம்லா."

"பறவை பாக்கப் போறோம்மா! அவங்க வீட்டு ஆளுங்க முன்னாடி நின்னு முட்டை உரிப்பியா?"

யோசித்துப் பார்த்தபோது சேசம்மாளுக்கும் அது ஒரு மாதிரியாகத்தான் பட்டது. வீசியெறிய மனம் வரவில்லை. ஆகவே மான்கூர்டுக்கும் வாஷிக்கும் நடுவே, வண்டி கடற்கழியின் மேல் பாலத்தில் போய்க்கொண்டிருக்கும்போது, மூன்று பேரும் திருடினவர்கள் போல அவசர அவசரமாக முட்டை தின்றார்கள். ஞானசீலன் ஓடுகளைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பைக்குள் ஒளித்தார். "உப்பு போட்டு அவிச்சிருக்கலாம்" என்றார். இன்று ருசி பற்றிப் பேசுவது இதுவே கடைசி என்று ஜாக்குலின் அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

நெருளில் கரையோரக் கட்டடங்கள் முடிகிற இடத்தில் சுஷ்மா நின்றுகொண்டிருந்தார். குட்டையான, ஒல்லியான அம்மாள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், சேற்று நிற ரெயின்கோட், கழுத்தில் தூரநோக்கி. பக்கத்தில் சாஜன் முக்காலியில் மாட்டிய பெரிய தொலைநோக்கிக் குழாய் ஒன்றைச் சுமந்துகொண்டு தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சர் பேசியதெல்லாம் கிசுகிசுப்பில்தான். முப்பது வருஷம் வகுப்பில் கத்தித் தீர்த்துவிட்டு இப்போது மிச்சத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பவர் போலிருந்தார். மரியாதையாக வணக்கம் சொன்னார், சிரிக்கவில்லை.

ஒற்றையடிக் கரைமேல் வரிசையாக நடந்தார்கள். ஒரு பக்கம் கண்டல் காடு, மறுபக்கம் மழைத் தண்ணீர் நிரம்பித் ததும்பிய பள்ளம், அதன் ஓரமெல்லாம் கோரைப்புல்.

"அந்த ரோஸ் கலர் நாரை எங்க இருக்கு டீச்சர்?" என்று சேசம்மாள் கேட்டாள். அவள் டிவியில் பார்த்திருந்தாள்.

"ஃபிளமிங்கோவா? அதெல்லாம் மழைக்கு முந்தியே கிளம்பிப் போயாச்சு. கூட்டமா வர்றவங்க அதுக்குத்தான் வருவாங்க. இந்த மழையில வர்றவங்கதான் அசல் ஆளுங்க" என்றார் சுஷ்மா. சொல்லிவிட்டு அசல் ஆளுங்களைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார்.

முதலில் உண்ணிக்கொக்குகள் வந்தன, மழைக்காலத்துக்கே உரிய ஆரஞ்சு நிறம் தலையில் ஏறி. ஞானசீலன் "அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கொட்டாவியை அடக்கினார். அடுத்து ஒரு நீர்க்காகம் கம்பத்தின் மேல் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அவர் குடைக்கம்பி ஒன்று வளைந்திருப்பதைக் கவனிக்கத் தொடங்கினார். ஆனால் அடுத்த வளைவில் சட்டென்று நின்றார். கை தானாக உயர்ந்தது. கோரைப்புல்லின் அடியில், சேற்றோடு சேறாக, நீண்ட மூக்கை ஊன்றிக்கொண்டு ஒரு மயில் உள்ளான் பதுங்கியிருந்தது.

"அழகா இருக்கு" என்றார். நற்கருணை வாங்கும்போதுகூட அவர் குரல் அப்படிக் குழைந்ததில்லை.

சுஷ்மா அந்தக் கை நீண்ட திசையில் தூரநோக்கியைத் திருப்பித் தேடினார். கண்டுபிடித்ததும் அவர் புருவம் உயர்ந்தது. கொஞ்சம் தள்ளி, கண்டல் மறைவில் சிரவி வாத்துகள் இரண்டு நின்றன. அதற்கும் முதலில் நின்றவர் ஞானசீலன்தான். அப்புறம் நரை தட்டிய நாரைக் கூட்டம் ஒன்று தலைக்கு மேலேயே பறந்து போயிற்று. அவர் அண்ணாந்தும் பார்க்கவில்லை.

"சாஜன்" என்று டீச்சர் மகனிடம் கிசுகிசுத்தார். "இவர் சும்மா ஆளில்லைடா. சாதாரணப் பறவையைத் திரும்பியே பாக்கமாட்டேங்குறார். தேர்ந்தெடுத்துப் பாக்குறார்."

பின்னால் வந்த ஜாக்குலினுக்கு மட்டும் விஷயம் விளங்கிற்று. அப்பா தேர்ந்தெடுத்துத்தான் பார்க்கிறார். ஓட்டலில் உட்கார்ந்தவர் மெனு கார்டு பார்ப்பது போல. சிரிப்பும் பயமும் ஒன்றாக வர, அவள் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எத்தனை வருஷமா பாத்துட்டு இருக்கீங்க மிஸ்டர் ஞானசீலன்?" என்று சுஷ்மா கேட்டார்.

கைவசம் மூன்று பேச்சு. எதுவும் பொருந்தவில்லை. "அப்படியா" என்றார் ஞானசீலன்.

டீச்சர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

மழை பிடித்து அடித்தது. எல்லோரும் ஒரு தகரக் கூரையின் கீழ் ஒதுங்கினார்கள். சேசம்மாள் பைக்குள் இருந்த முறுக்கை எடுத்துச் சாஜனுக்குக் கொடுத்தாள். அவன் சத்தம் வராமல் தின்னப் படாதபாடு பட்டான். ஞானசீலனுக்கு மனசு லேசாகிக்கொண்டு வந்தது. கிட்டத்தட்டக் கரையேறிவிட்டோம், இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று நினைத்தார்.

மழை விட்டது. கரையின் கடைசியில் சுஷ்மா முக்காலியை ஊன்றச் சொன்னார். சாஜன் ஊன்றிவிட்டுத் தள்ளிப் போய் நின்றான். குழாயில் கண் வைத்துத் திருகி, விலகி நின்று, "நீங்க பாருங்க" என்று ஞானசீலனை அழைத்தார். அன்று காலையில் அவர் வேறு யாரையும் அப்படி முதலில் அழைக்கவில்லை.

ஞானசீலன் குனிந்தார். குழாய்க்குள் ஒரு கானாங்கோழி நின்றது.

அவர் கானாங்கோழியைக் கண்ணியில் பார்த்திருக்கிறார், கையில் பார்த்திருக்கிறார், சட்டியில் பார்த்திருக்கிறார். இப்படி, அதன் பாட்டுக்கு நிற்கிற கானாங்கோழியை அவர் பார்த்ததேயில்லை. முகத்திலிருந்து வயிறுவரை மாவில் முக்கியெடுத்த வெள்ளை. முதுகு கறுப்பு. வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டே சேற்றில் ஒவ்வொரு அடியாக வைத்தது. அதன் பின்னால் கரித்துண்டு மாதிரி நாலைந்து குஞ்சுகள். தாய் எதையோ கொத்தி எடுத்தது. அப்படியே கொடுக்கவில்லை. மூக்கில் வைத்து நசுக்கிக் கீழே போட்டது, மறுபடி எடுத்தது, ஒரு குஞ்சிடம் நீட்டியது. குஞ்சு வேண்டாமென்று திரும்பிக்கொண்டது. தாய் இன்னும் கொஞ்சம் நசுக்கிவிட்டு நீட்டியது. இப்போது வாங்கிக்கொண்டது.

ஞானசீலன் முக்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பதம் பாத்துக் குடுக்கு" என்றார்.

சொன்ன பிறகுதான் அது நாலாவது பேச்சு என்று உறைத்தது. ஜாக்குலின் அருகில்தான் நின்றாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. சுஷ்மா அவரையே பார்த்தார். அந்தப் பார்வையில் முப்பது வருஷத்து வகுப்பறை இருந்தது. பிறகு சாஜன் நிற்கிற தூரத்தைக் கண்ணால் அளந்துவிட்டு, இன்னும் கிட்ட வந்தார்.

"மிஸ்டர் ஞானசீலன். நீங்க இதைச் சாப்பிட்டிருக்கீங்க, இல்லையா?"

"ஆன்ட்டி, அப்பா வந்து..." என்று ஜாக்குலின் குறுக்கே வந்தாள். டீச்சர் விரலைத் தூக்கினார். அவள் வாய் மூடிக்கொண்டது.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். ஆனால் தின்றதைத் தின்னவில்லை என்று சொல்ல அந்த நாக்குக்குப் பழக்கமில்லை. ஞானசீலன் மகளைப் பார்த்தார். மன்னிச்சிரு மக்கா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

"ஆமா டீச்சர். எங்க ஊர் கொளத்துல கண்ணி வச்சுப் புடிப்போம். வீட்டுல கறின்னா அதுதான். இங்க நான் பாத்து நின்ன எல்லாம் நான் தின்னதுதான். அதான் கண்ணுல பட்டுச்சு."

குடையைக் கையில் எடுத்துக்கொண்டார். திரும்பிப் போக எந்த வண்டி என்று யோசிக்கக்கூடத் தொடங்கிவிட்டார்.

"எப்படி இருக்கும்?" என்றார் சுஷ்மா.

ஞானசீலனுக்குப் புரியவில்லை. டீச்சர் இன்னொரு முறை சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

"இருபது வருஷமா பாக்குறேன். ஒவ்வொரு மழைக்கும் பாக்குறேன். பாவம், எவ்வளவு அழகுன்னு தோணும். எப்படி இருக்கும்னும் தோணும். ரெண்டும் சேந்தே தோணுது, நான் என்ன பண்ண? நானும் கோழி, மீன் திங்கிறவதானே. யாருகிட்டக் கேக்குறது? எங்க குரூப்ல கேட்டா என்னையே வெளிய தள்ளிருவாங்க. நீங்க சொல்லுங்க. சச் சச், உண்மையைச் சொல்லணும்."

வாழ்நாளில் இப்படி ஒரு கேள்விக்காகவே ஞானசீலன் காத்திருந்தார் என்று சொல்லலாம். அவர் நாக்கு சட்டென்று விழித்துக்கொண்டது. மிளகும் சின்ன வெங்காயமும் நல்லெண்ணெயில் வதங்குகிற வாசம் வந்தது. எலும்பைக் கடித்தால் உள்ளே இருக்கும் அந்தத் துளிச் சாறும் வந்தது. ஜாக்குலின்கூடத் தடுக்கவில்லை. டீச்சர் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளையைப் போல முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஞானசீலன் வாயைத் திறந்தார். திறந்தவர், கோரைப்புல் பக்கம் ஒருதடவை பார்த்தார்.

"சப்புனு இருக்கும் டீச்சர்" என்றார்.

"சப்புனா?"

"ஒண்ணுமே இருக்காது. சேத்து நாத்தம் வேற. எவ்வளவு மொளவு அரச்சுப் போட்டாலும் போவாது. ரப்பர மெல்லுத மாதிரி."

ருசி விஷயத்தில் ஞானசீலன் சொன்ன முதல் பொய் அது. சரளமாகத்தான் வந்தது, அவருக்கே ஆச்சரியம்.

டீச்சருக்கு நம்ப மனமில்லை. பக்கத்தில் வந்து நின்ற சேசம்மாளிடம் திரும்பி, "அப்படியாம்மா?" என்று கேட்டார். சேசம்மாள் பிறந்தது அதே குளத்தின் எதிர்க்கரை. கல்யாணமான புதிதில் மறுவீட்டு விருந்துக்கு அவள் அம்மா வைத்ததே கானாங்கோழிக் குழம்புதான். மாப்பிள்ளை ஞானசீலன் வெட்கத்தை விட்டு மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். சேசம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். ஏன் என்று விளங்கவில்லை, ஆனால் எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று விளங்கிற்று.

"ஆமா டீச்சர். வாயில வைக்க வெளங்காது. எங்க அம்ம ஒருக்க வச்சா. நாய்க்குக் கொண்டு கொட்டுனோம். அதுவும் மோந்து பாத்துட்டுப் போயிட்டு."

நாய் வரைக்கும் போயிருக்க வேண்டாம் என்று ஞானசீலனுக்குத் தோன்றியது. மாமியாரின் கைப்பக்குவத்துக்காக அவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வலித்தது.

சுஷ்மாவின் முகம் பொம்மை கிடைக்காத குழந்தையின் முகமாயிற்று. "ச்சே" என்றார். "இதுக்குத்தானா இருபது வருஷம்!" அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்தது. சேர்த்து வைத்திருந்த குரலையெல்லாம் ஒரே மூச்சில் செலவழித்தார். கொக்குகள் எழும்பின, சிரவிகள் விசிலடித்துக்கொண்டு பறந்தன. கானாங்கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கோரைக்குள் ஓடிப்போயிற்று. "மம்மி!" என்று சாஜன் பதறிக்கொண்டு ஓடிவந்தான். அவன் அம்மா சதுப்பில் சிரித்து அவன் பார்த்ததில்லை.

"ஒண்ணுமில்லைடா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் சுஷ்மா. "இதுக்கு முன்னாடி வந்தவங்க எனக்குப் பிடிக்கும்னு நெனச்சதைப் பேசினாங்க. கேட்டதுக்கு உள்ளதைச் சொன்ன முதல் ஆள் இவர்தான். வாங்க சம்பந்தி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். மீன் குழம்பு வச்சிருக்கேன்."

சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் சாஜன் காலையிலிருந்து முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி ஜாக்குலினைப் பார்த்தான். சேசம்மாள் மண் நிறச் சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தூறல் மறுபடி தொடங்க, டீச்சரும் அவளும் ஒரே குடையில் முன்னால் போனார்கள். மீன் குழம்புக்குத் தேங்காய் அரைப்பதா வேண்டாமா என்று அதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது. சாஜன் முக்காலியோடு பின்தொடர்ந்தான்.

அப்பாவும் மகளும் கடைசியில் நடந்தார்கள். ஜாக்குலின் அவர் கையைக் கோத்துக்கொண்டாள்.

"அப்பா, எனக்கு வெக்கம்னு நெனச்சீங்களா?"

ஞானசீலன் குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

"வெக்கமில்லப்பா. பயம். அவங்க உங்களை இளக்காரமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எனக்கு அந்த வீட்டுல ஒரு வாய் சோறு எறங்கியிருக்காது. ஆசைப்பட்டதையும் விட முடியாது. அதான்."

இத்தனை நாளும் மனசில் உறுத்திக்கொண்டிருந்தது அந்த இடத்திலேயே இறங்கிப்போயிற்று. ஞானசீலன் அவள் கையை அழுத்தினார். கொஞ்ச தூரம் இருவரும் சேற்றில் கால் வழுக்காமல் நடந்தார்கள்.

"நிஜமாவே சப்புனுதான் இருக்குமா?" என்று அவள் கேட்டாள்.

டீச்சர் போய்விட்ட தூரத்தை அவர் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"என் ஆயுசுல அதவிட ருசியா ஒண்ணு நான் தின்னதில்ல மக்கா."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க? தின்னதைத்தான் ஒத்துக்கிட்டீங்களே. டீச்சருக்குப் பயந்தா?"

"டீச்சருக்கு என்ன பயம்?" என்றார் ஞானசீலன். "குஞ்சுப் பிள்ளையள் பக்கத்துலயே நின்னுச்சுல்லா. அதுக காதுபட, தாயப் பத்தி அப்படியா பேசுவாவ?"